மோதியவர் நீட்டும் காசும் நமக்குச் சேரவேண்டிய நஷ்டஈடும்

(சங்கக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே, கிராணிமார்களே!

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் தலைவர் அவர்கள் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். நாம் பேச வந்தது வேறொரு விஷயம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் ஒரு கார்க்காரர் நம்மை மோதிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இரண்டு வார்த்தை சொல்லப் போகிறோம்.

"இது என்ன பெரிய விஷயம்?" என்று சிலர் நினைக்கலாம். லயத்தில் குடியிருந்து, அங்கிருந்து நடந்தே மலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. இன்று நம்மில் பாதிப்பேர் தாமானில் குடியிருக்கிறோம். மோட்டார் சைக்கிளில் ஏறி, பெரிய சாலையில் நாலைந்து மைல் வந்துதான் பெரட்டுக் களத்துக்குச் சேர்கிறோம். இருட்டு விலகாத அந்த நேரத்தில் லாரியும் காரும் நம் தோளை உரசிக்கொண்டு பறக்கின்றன. மரத்தடியில் பாம்பு கடித்து விழுந்தவரைவிடச் சாலையில் அடிபட்டு விழுந்தவரையே இன்று நாம் அதிகம் பார்க்கிறோம்.

தோழர்களே! முதலில் நாம் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சபையில் குற்றத்தை ஒத்துக்கொள்வது சுலபமல்ல. ஆனாலும் சம்பந்தப்பட்ட தோழரே "சொல்லுங்கள் கிராணி ஐயா, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோழர் அதிகாலை ஐந்தரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வயது 42. பக்கச் சாலையிலிருந்து ஒரு கார் நிற்காமல் வெளியே வந்து அவரை இடித்துத் தள்ளிவிட்டது. கார்க்காரர் நல்ல உடையில் இருந்தார், நல்ல வார்த்தையும் பேசினார். கீழே விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு மெல்ல, "உங்கள் வண்டிக்கு ரோட் டாக்ஸ் முடிந்து இரண்டு வாரம் ஆகிறதே! போலீசுக்குப் போனால் உங்களுக்குத்தானே சம்மன் வரும்? நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்றார்.

நம் தோழர் பயந்துவிட்டார். இருவரும் எமது ஆபீசுக்கு வந்தார்கள். கார்க்காரர் 800 வெள்ளியை மேசைமேல் வைத்தார். "ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்" என்றார். நாம் தமிழ்ப் பள்ளியில் படித்து, மலாய் மொழியைப் பிறகு முயன்று கற்றவர். அந்த மொழியில் அழகாக எழுதத் தெரியும் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமையிலே, "இந்த விபத்து குறித்து இனி எவ்விதக் கோரிக்கையும் கிடையாது" என்று திருத்தமாக எழுதி, தோழரின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தோம். ஓர் ஏழைக்கு அன்றைக்கே 800 வெள்ளி வாங்கிக் கொடுத்தோம் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

தோழரின் கால் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். ஒன்பதாம் நாள் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அறுத்துத் தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் அவரால் மரத்தடிக்குப் போக முடியவில்லை. இன்றைக்குக்கூட மேட்டு நிரையில் ஏறி இறங்க முடியாமல், குறைந்த வருமானத்துக்கு ஸ்டோரில் வேலை பார்க்கிறார்.

கணக்குப் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் ஐந்து மாதச் சம்பளம் மட்டுமே 8,500 வெள்ளி. பட்ட வலிக்கு எவ்வளவு? நொண்டும் காலுக்கு எவ்வளவு? வாழ்நாளெல்லாம் குறையப்போகும் வருமானத்துக்கு எவ்வளவு? இவையெல்லாவற்றையும் 800 வெள்ளிக்கு எழுதிக் கொடுத்த பேனா எமது பேனா!

பிறகு வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். அவர் தாளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வழக்குப் போடலாம், ஆனால் எதிர்த் தரப்பு முதலில் காட்டப்போவது இந்தத் தாளைத்தான். போலீஸ் ரிப்போர்ட்டும் இல்லை, சாட்சியும் இல்லை, இடித்த அடையாளமும் வண்டியில் இல்லை, பட்டறையில் சரிசெய்துவிட்டீர்கள். எதை வைத்து நிரூபிப்பது?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாம் விட்டது அடுத்தவர் காலை!

ஆகவே தோழர்களே, அந்த அனுபவத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறோம். மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: போலீஸ் ரிப்போர்ட். 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், தம் விவரத்தைக் கொடுக்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. கடுமையான காயமோ மரணமோ நேர்ந்தால் போலீஸ் அனுமதியில்லாமல் வண்டிகளை நகர்த்தக் கூடாது. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால், யாரையாவது அனுப்பியாவது போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள். ரோட் டாக்ஸ் முடிந்திருக்கிறதே என்று அஞ்சி ஒளிய வேண்டாம். அதற்குச் சம்மன் வந்தால் அது ஒரு கணக்கு. அவர் நிற்காமல் வந்து மோதியது இன்னொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க இடம் கொடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். எந்தச் சாலை, எந்தத் திசை, விளக்கு எரிந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து மோதியது என்பதெல்லாம் அதில் சரியாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு கோர்ட்டில் நாம் சொல்வதை அந்த முதல் ரிப்போர்ட்டோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டாவது: அடையாளம். நம் பிள்ளைகள் எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு மட்டுமா அது? வண்டி எண், வண்டிகள் நின்ற நிலை, சாலையில் டயர் தேய்ந்த தடம், சந்திப்புப் பலகை, உடைந்த பாகங்கள், காயம் எல்லாவற்றையும் படமெடுங்கள். பார்த்தவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடையில் காமிரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள், சில நாளில் பதிவு அழிந்துவிடும். வண்டியைப் படமெடுத்து, சேதத்தைக் கணக்கெடுப்பதற்கு முன் பட்டறைக்காரர் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது: டாக்டர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சின்ன வலிதான்" என்று வீட்டில் படுக்காதீர்கள். எங்கெங்கே வலிக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சொல்லாத வலி டாக்டர் எழுதும் தாளில் ஏறாது. தாளில் ஏறாத வலிக்குப் பின்னால் நஷ்டஈடு கேட்டால், "இது விபத்தில் வந்ததா, வேலையில் வந்ததா?" என்று எதிர்த் தரப்பு வக்கீல் மடக்குவார்.

நான்காவது: ரசீது. ஆஸ்பத்திரிக் கட்டணம், மருந்து, டாக்ஸி வாடகை, வண்டி பழுது, ஊன்றுகோல் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். கைவிட்டுப் போன காசுக்குச் சான்று காட்டினால்தான் கோர்ட் கொடுக்கும். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுக்காது.

இங்கேதான் கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. அடிபட்டவர் மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்பதற்குச் சாட்சி நம் செக்ரோல். அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல. கூடுதல் பால், ஒட்டுப்பால், ஓய்வு நாள் வேலை எல்லாம் அதில் இருக்கின்றன. சம்பளச் சான்று கேட்டு வந்தால், "நாளைக்கு வா" என்று அலைய விடாதீர்கள். நாம் எழுதும் ஒரு தாள் ஒரு குடும்பத்தைத் தூக்கவும் செய்யும், புதைக்கவும் செய்யும். இரண்டாவதை நாம் செய்து பார்த்துவிட்டோம்.

ஐந்தாவது: சொக்சோ. நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வேலை நேரத்தில் வேலை இடத்தில் அடிபட்டால்தான் சொக்சோ என்று நினைக்கிறோம். 1969 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் வழிக்கும் உண்டு. வழியை விட்டு விலகிச் சொந்த வேலைக்குப் போயிருந்தால்தான் சிக்கல். டாக்டர் நான்கு நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்புக் கொடுத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 சதவிகிதம் தற்காலிக ஊனத் தொகையாகக் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்குத் தனித் தொகை உண்டு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். நம்மோடு நிரை எடுத்து வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் இந்த வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் நம் தோழர்களே.

எமது தோழருக்கு இந்த ஒரு கதவுதான் திறந்தது. தாமதமாக ரிப்போர்ட் கொடுத்து, பல முறை நடந்து, கேட்ட விளக்கமெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு சொக்சோ கிடைத்தது. அதுவும் இல்லாவிட்டால் அந்த ஐந்து மாதம் அடுப்பில் பூனை தூங்கியிருக்கும்.

"சொக்சோ வாங்கிவிட்டால் கார்க்காரர் மேல் வழக்குப் போட முடியாதா?" என்று கேட்பீர்கள். போடலாம். மோதியவர் நம் முதலாளியோ முதலாளியின் ஆளோ இல்லாத வெளியார் என்றால் அவர்மேல் கோர உரிமை உண்டு. காயத்துக்கு நஷ்டஈடு கணக்கிடும்போது, சட்டப்படி கிடைத்த இத்தகைய உதவித் தொகையையும் சொந்த இன்ஷூரன்ஸ் தொகையையும் கழிக்கக் கூடாது என்று 1956 ஆம் ஆண்டு சிவில் சட்டம் சொல்கிறது.

ஆறாவது: எவ்வளவு கேட்பது? சிவில் சட்டத்தை 2019 இல் திருத்தினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து புது விதி நடப்பில் இருக்கிறது. அடிபட்டபோது 60 வயதுக்குக் கீழிருந்து, உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், எதிர்கால வருமான இழப்பைக் கோரலாம். முன்பு இது 55 வயது வரைக்கும்தான். வயது 30க்குள் என்றால் 16 ஆண்டுக் கணக்கு. 31 முதல் 59 வரை என்றால், 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்குப் பத்து ஆண்டு. மாதம் 1,700 வெள்ளி சம்பாதித்தவர் இனி வேலையே செய்ய முடியாது என்றால், 1,700ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் 204,000 வெள்ளி. இதில் அவருடைய சொந்தச் செலவைக் கழிப்பார்கள். பாதி வருமானம்தான் குறைந்தது என்றால் குறைந்த அளவுக்கே கணக்கு. வலிக்கும் ஊனத்துக்கும் தனித் தொகை. ரசீதுச் செலவு தனி. மோதியவர் நீட்டும் 800 வெள்ளியையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

உயிரே போய்விட்டால், அவருடைய உழைப்பை நம்பியிருந்த குடும்பம் கோரலாம். துணையை இழந்த கணவனுக்கோ மனைவிக்கோ துயரத் தொகை 30,000 வெள்ளி. 2019க்கு முன்பு இது 10,000 ஆக இருந்தது. உயிருக்கு விலையில்லை. ஆனால் அடுத்த மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டுமல்லவா?

நம் பக்கமும் குற்றம் இருந்தால் அந்த விகிதத்துக்குத் தொகை குறையும். தலைக்கவசம் கட்டாமல், விளக்கு இல்லாமல் போனவர் முழுத் தொகையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஹெல்மெட் வாரைக் கட்டுங்கள், விளக்கைப் பாருங்கள்.

ஏழாவது: பணம் யார் கொடுப்பது? பெரும்பாலும் கார்க்காரரின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை. பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்தே வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பானால் அந்தக் கம்பெனிதான் கட்ட வேண்டும். ஆகையால், "பாவம், அவரும் பிள்ளை குட்டிக்காரர்" என்று இரங்கி உங்கள் உரிமையை விட வேண்டாம். மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்றாலும் கை விரிக்காதீர்கள். அத்தகைய வண்டிகளால் அடிபட்டவர்களுக்காகவே மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கூட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. வக்கீல் மூலம் அதனிடம் முறையிடலாம்.

எட்டாவது: காலக் கெடு. தீபகற்பத்தில் காயத்துக்கான வழக்கை 6 ஆண்டுக்குள் போட வேண்டும். இறந்தவர் குடும்பம் கோருவதற்கு 3 ஆண்டு. மோதியது அரசாங்க வண்டி என்றாலும் 3 ஆண்டுதான். சாலை விபத்து வழக்குகளை எவ்வளவு தொகையானாலும் செஷன்ஸ் கோர்ட்டே விசாரிக்கலாம். மேல் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நாம் மேலே சொன்னவற்றையெல்லாம் கற்ற பிறகு, பக்கத்து டிவிஷனில் ஓர் அம்மையார், பால்வெட்டு முடிந்து சாலையோரமாக நடந்து வந்தபோது வேன் மோதி இடுப்பெலும்பு முறிந்தது. அவருடைய மகள் ஐந்தாம் பாரத்தில் படிக்கிற பெண். அழுதுகொண்டே வண்டி எண்ணையும் இடத்தையும் படமெடுத்துவிட்டாள். அன்று மாலையே ரிப்போர்ட்டும் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஒருவர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். கக்கத்தில் தோல் பை. "வணக்கம் அக்கா" என்று உறவு கொண்டாடினார். "ஒரு காசு செலவில்லை, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், ஜெயித்தால் பங்கு கொடுத்தால் போதும், இங்கே ஒரு கையெழுத்து" என்று எழுதப்படாத தாள்களை நீட்டினார். அந்த அம்மையார், "தம்பி, எங்கள் சங்கத்துக் கிராணியைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்!

இப்படிப்பட்டவர்கள் வக்கீல்கள் அல்லர், தரகர்கள். ஜெயித்தால் மட்டும் கூலி என்ற ஒப்பந்தத்தில் வழக்கை எடுக்க வக்கீல்களுக்கே 1976 ஆம் ஆண்டு வக்கீல் தொழில் சட்டம் தடை விதித்திருக்கிறது. தரகர் எந்த உரிமையில் பங்கு கேட்கிறார்? வக்கீலை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதப்படாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை வந்ததும், கம்பெனி எவ்வளவு கொடுத்தது, செலவு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

அந்த அம்மையாரின் வழக்கில் கம்பெனி முதலில் ஒரு தொகை சொன்னது. "முழுமையான, இறுதியான தீர்வு" என்று அச்சடித்த தாளும் கூடவே வந்தது. அந்த வார்த்தைகளைக் கண்டதும் எமக்கு நெஞ்சு படபடத்தது. நாம் முன்பு நம் கையாலேயே எழுதிய வார்த்தைகள் அல்லவா? வக்கீல் பொறுத்திருக்கச் சொன்னார். எலும்பு முழுதும் ஆறி, ஊனம் எவ்வளவு என்று நிபுணர் அறிக்கை வந்த பிறகு பேசலாம் என்றார். வழக்குப் போட்டோம். இரண்டரை ஆண்டு ஆயிற்று. விசாரணைக்கு முன்பே கம்பெனி இறங்கி வந்து, முதலில் சொன்னதைப்போல் மூன்று மடங்குக்கு ஒப்புக்கொண்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யல்ல.

அந்தப் பணத்தால் அம்மையாரின் இடுப்பு பழையபடி ஆகிவிடவில்லை. நிரை எடுத்து வெட்ட இனி அவரால் முடியாது. ஆனால் மகள் படிப்பு நிற்கவில்லை. கடன்காரர் வாசலுக்கு வரவில்லை. நஷ்டஈடு என்பதன் பொருள் இதுதான். கேட்பது பிச்சையல்ல, பேராசையும் அல்ல. மற்றவர் கவனக்குறைவால் நம் குடும்பத்தில் விழுந்த பள்ளத்தை அவர் தரப்பே மூடவேண்டும் என்பது நியாயம்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். நம் கிளையில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விபத்து என்று தெரிந்தால் அவர் 24 மணி நேரத்துக்குள் அடிபட்டவர் வீட்டுக்குப் போக வேண்டும். ரிப்போர்ட் கொடுத்தாயிற்றா, படம் எடுத்தாயிற்றா, சொக்சோவுக்கு அறிவித்தாயிற்றா, யாராவது தாள் நீட்டினார்களா என்ற நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். எமது டிவிஷனுக்கு நாமே பொறுப்பேற்கிறோம்.

முன் வரிசையில் காலை நீட்டி அமர்ந்திருக்கும் அந்தத் தோழரிடம் நாம் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவர் ஒருமுறைகூட நம்மைக் கடிந்து பேசியதில்லை. போன வாரம், "இனி யாருக்காவது அந்த மாதிரித் தாள் எழுத வந்தால், பேனாவில் மை இல்லையென்று சொல்லிவிடுங்கள் ஐயா" என்றார். சொல்லுகிறோம், தோழரே. இங்கே இருக்கும் கிராணிமார்கள் எல்லோரும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.